பதினேழாம் வரி

பேய், ஆவி, சகுனம் என்று எதையும் நான் நம்பியவள் இல்லை. இதைக் கேட்டு முடித்தபின் நீங்கள் என்ன நினைத்தாலும், இந்த முதல் வாக்கியத்தை மட்டும் மறந்துவிடாதீர்கள். கோட்டாற்றில் எங்கள் தெருவில் மாலை மயங்கிவிட்டால் பிள்ளைகளைப் பின்பக்கக் கிணற்றருகே விடமாட்டார்கள். நான் பத்து வயதில் வேண்டுமென்றே அங்கே போய் நின்று, ஒன்றும் வராததைக் கண்டு, உள்ளே வந்து அதைச் சொன்னதற்காக உம்மாவிடம் அடி வாங்கியவள். பிறகு தமிழ் இலக்கியம் படித்தேன், வேலைக்கு வந்தேன். கண்ணால் கண்டதையும் காகிதத்தில் இருப்பதையும் தவிர வேறொன்றையும் கோப்பில் எழுதக்கூடாது என்ற பழக்கம் அந்த வேலையில்தான் என்னுள் இறுகியது.

வேலை, இந்த மாவட்டத்திலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பிரிவில். பெயரைக் கேட்காதீர்கள், சொல்லவும் மாட்டேன். பல்கலைக்கழகம் என்றதும் ஊரார் பேராசிரியர்களையும் மாணவர்களையும் மட்டுமே நினைக்கிறார்கள். கல்யாண வீடுகளில் என்னிடம் எந்தப் பாடம் நடத்துகிறீர்கள் என்று கேட்பார்கள். நடத்துவதில்லை, நடத்தியவர்கள் போட்ட மதிப்பெண்ணைக் காப்பவள் என்பேன். கேட்டவர் முகம் சற்றே வாடும். ஆனால் படித்து முடித்து இருபது ஆண்டு கழித்து, கடல் கடந்த ஊரில் ஓர் அலுவலகம் 'இவர் உண்மையாகவே படித்தவரா' என்று கேட்டால், அதற்குப் பதில் சொல்பவர் பாடம் நடத்திய பேராசிரியர் இல்லை. நான். கண்காணிப்பாளர் நசீமா. என் மேசையிலிருந்து போன பதில் ஒன்றுகூடத் திருத்தத்துக்குத் திரும்பி வந்ததில்லை என்பதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு. இருந்தது என்று சொல்வதே சரி.

நடந்ததைச் சொல்வதற்கு முன் எங்கள் வேலையில் ஒரு முறையை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். விடைத்தாள் திருத்தும் முகாமில் மாணவருக்கு ஒரு வரியாக மதிப்பெண்களை எழுதித் தரும் தாள்களுக்கு மூலப் பட்டியல் என்று பெயர். அவற்றைப் பார்த்து ஓர் உதவியாளர் பெரிய பதிவேட்டில் கையால் எழுதுவார். ஒரு பக்கத்துக்கு முப்பது மாணவர், முப்பது வரி. அதன்பின் இருவர் உட்கார்ந்து ஒப்பிட வேண்டும். ஒருவர் பதிவேட்டை உரக்க வாசிப்பார். மற்றவர் மூலப் பட்டியலில் வரிக்குக் கீழே அடிக்கோல் ஒன்றை வைத்துக்கொண்டு, எண்கள் ஒத்துப்போனால் 'சரி' என்பார், ஐயம் இருந்தால் 'மறுபடி' என்பார், பக்கம் முடிந்தால் 'திருப்பு' என்பார். மூன்றே சொற்கள். நான்காவது சொல் பேசினால் கவனம் சிதறும் என்று பேசமாட்டார்கள். பக்கத்தின் அடியில் இரண்டு கட்டங்கள் உண்டு. வாசித்தவர் ஒன்றிலும் ஒப்பிட்டவர் ஒன்றிலுமாகச் சுருக்கொப்பம் இடுவார்கள். இரண்டு கட்டமும் நிரம்பிய பிறகுதான், உரிய காலம் கடந்ததும், மூலப் பட்டியல் கட்டு அழிப்புக்குப் போகும். அதன்பின் பதிவேடு ஒன்றே சாட்சி.

நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பல ஆண்டுகள் எனக்கு ஒப்பிடும் துணையாக இருந்தவர் லில்லி புஷ்பம். தேங்காய்ப்பட்டணத்துக்காரர், என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். அவர் வாயில் அந்தச் சொல் 'செரி' என்றுதான் வரும், அதுவும் கடற்கரைப் பக்கத்துக்கே உரிய ஓர் இழுப்போடு. காலையிலிருந்து மாலைவரை நான் எண்களை வாசிக்க அவர் செரி, செரி என்று சொல்லிக்கொண்டே இருப்பார். இரவு தூங்கப்போனால்கூட எனக்கு அது காதில் கேட்டுக்கொண்டிருக்கும். அவருடைய அடிக்கோலின் ஒரு முனையில் சிவப்பு நகப்பூச்சுப் பொட்டு ஒன்று வைத்திருப்பார். யாரும் தூக்கிக்கொண்டு போய்விடக்கூடாதாம். பதினாறு ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் அவர் இறந்துபோனார். அதை அதற்குரிய இடத்தில் சொல்கிறேன்.

சென்ற ஆண்டு ஐப்பசியில் வளைகுடா நாட்டுப் பள்ளி ஒன்றிலிருந்து ஒரு கடிதம் வந்தது. தங்களிடம் ஆய்வகப் பொறுப்பாளராக வேலை பார்க்கும் செலின் என்ற பெண்ணின் மதிப்பெண் சான்றிதழ் உண்மையானதா என்று கேட்டிருந்தார்கள். பி.எஸ்சி. வேதியியல், இறுதியாண்டு, ஆறு தாள்கள். என் பிரிவில் உதவியாளராக இருக்கும் சுனில் பதிவறைக்குப் போய்ப் பதிவேட்டில் அந்த வரியை மட்டும் படமெடுத்து வந்து கோப்பில் வைத்தார். மார்த்தாண்டத்துக்காரர், முப்பது வயதிருக்கும், சுறுசுறுப்பானவர், வாய் சற்று அதிகம். படத்தையும் சான்றிதழ் நகலையும் நான் பார்த்தேன். ஆறு தாளிலும் எண்கள் வேறு. பதிவேட்டில் பெரும்பாலும் ஐம்பதுக்கு முன்னும் பின்னுமாக இருந்தவை அவளுடைய சான்றிதழில் அறுபதும் எழுபதுமாக இருந்தன. பட்டம் பெற்றவள்தான், பட்டப் பதிவேட்டில் பெயர் இருக்கிறது. ஆனால் கேள்வி பட்டத்தைப் பற்றியதன்று, மதிப்பெண்ணைத் திருத்தினாளா என்பது. சான்றிதழ்களை மூலப் பட்டியலிலிருந்து நேரே அச்சிட்டது ஒரு வெளி நிறுவனம்; அதன் கணினித் தட்டுகள், நிறுவனம் மாறியபோது படிக்க இயலாமல் போய்விட்டன. ஆகவே பதிவேட்டின்படி, 'மதிப்பெண்கள் எமது பதிவோடு ஒத்துப்போகவில்லை' என்று நான்கே சொற்களில் பதில் எழுதி, பதிவேட்டு எண்களையும் இணைத்து அனுப்பினேன். நல்ல வாக்கியம் என்றுகூட நினைத்தேன்.

மூன்று வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை முற்பகலில், செலின் நேரில் வந்து நின்றாள்.

காலையிலிருந்தே மழை. முக்காடிட்ட சேலை நனைந்து, நெகிழிப் பையில் சுற்றிய சான்றிதழ்களை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள். முப்பத்தெட்டு வயது இருக்கும்.

"மேடம், எனக்க பேரு செலின். இனயத்திலேருந்து வருகேன். நீங்க அனுப்புன கடிதத்தினால என்னைய லீவுல வீட்டுக்கு அனுப்பியிருக்காவ. திங்கக்கெழம சாயங்காலத்துக்குள்ள திருத்தின பதில் வரல்லன்னா வேல போச்சு. வேல மட்டும் போனா பரவாயில்ல மேடம், கள்ளச் சான்றிதழ்னு அங்ஙன கேசு குடுப்பாவளாம். பொறவு நான் அந்த நாட்டுக்கே போவ முடியாது."

"உக்காருங்க. பதிவேட்டுல இருக்கறதைத்தாம்மா நாங்க எழுத முடியும்."

"எனக்க வீட்டுக்காரருக்கு கடல்ல வள்ளத்துல அடிபட்டு இடுப்பு போயி ஆறு வருசமாச்சு. ரெண்டு பொம்பளப் பிள்ளைய படிக்குவு. நான் அழுது காரியம் சாதிக்க வரல்ல. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போறேன்." அவள் சான்றிதழை மேசைமேல் விரித்து ஆறாம் தாளைக் காட்டினாள். "உங்க ரிஜிஸ்டர்ல இதுல எனக்கு எவ்வளவு?"

கோப்பைப் பார்த்தேன். "அறுபத்திரண்டு."

"எனக்க சான்றிதழ்ல அம்பத்தெட்டு. கள்ளத்தனம் செய்யுகவ, அஞ்சு பாடத்துல மார்க்கக் கூட்டிப்போட்டு, ஒரு பாடத்துல கொறச்சா போடுவா?"

பக்கத்து மேசையிலிருந்து சுனில் மெல்ல, "பாயிண்டு தானே மேடம்" என்றார். நான் அவரை முறைத்தேன். ஆனால் எனக்குள் ஏதோ ஒன்று இடறிவிட்டது. அந்த ஐம்பத்தெட்டை மூன்று வாரத்துக்கு முன் நானும் பார்த்திருந்தேன், பார்த்தும் யோசிக்கவில்லை. ஒத்துப்போகிறதா என்று மட்டுமே பார்த்துப் பழகிய கண், ஏன் ஒத்துப்போகவில்லை என்று கேட்க மறந்திருந்தது.

"திங்கட்கிழமை காலைல வாங்க. அதுக்குள்ள நானே பதிவேட்ட முழுசா பார்க்கேன்" என்று அனுப்பிவைத்தேன்.

பதிவறை எங்கள் கட்டடத்தின் பின்புறம், தரைத்தளத்தில் இருக்கிறது. நீளமான அறை, கூரைவரை இரும்பு அடுக்குகள், ஒரே கதவு, வடக்குச் சுவரில் கம்பியிட்ட ஒரே சன்னல், அதன்கீழ் ஒரு மேசை. ஒரே கதவு என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பகல் உணவு முடிந்து நானும் சுனிலும் போனோம். பதிவேட்டைத் தேடி எடுத்து மேசையில் வைத்த நேரத்தில் மின்சாரம் நின்றது. என் கைப்பேசி மேலே மின்னேற்றத்தில் கிடந்தது. சுனிலுடையது ஏற்கெனவே உயிரை விட்டிருந்தது.

"செக்யூரிட்டிக்கிட்ட எமர்ஜென்சி லைட்டு உண்டு, எடுத்துட்டு வருகேன். பயமில்லியே மேடம்?" என்றார் சுனில்.

"எதுக்குப் பயம்? எலி இருந்தா அதுக்குத்தான் என்னப் பார்த்துப் பயம்."

"அதும் செரிதான்" என்று சிரித்துக்கொண்டே போனார்.

மணி மூன்று இருக்கும். இரவன்று, ஐயா, பட்டப்பகல். சன்னல் வெளிச்சத்தில் எழுத்துகள் தெளிவாகவே தெரிந்தன. மழைச் சத்தத்தைத் தவிர வேறு ஓசை இல்லை. சுனில் வரும்வரை சும்மா இருப்பானேன் என்று செலினுடைய பதிவெண் இருந்த பக்கத்தைப் புரட்டி, முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினேன். உரக்க. ஒப்பிட்டே பழகியவர்கள் யாரும் பதிவேட்டை மனத்துக்குள் வாசிக்கமாட்டார்கள். வாய் தானாகத் திறந்துகொள்ளும். வரி எண், அதன்பின் ஆறு மதிப்பெண்கள், சற்று நிறுத்தம், பிறகு அடுத்த வரி. அப்படியே போனேன். எத்தனையோ ஆண்டுக்குப் பின் அந்த வேலையைச் செய்வது இதமாகக்கூட இருந்தது. பதினாறாம் வரி. ஐம்பத்தொன்று, நாற்பத்தெட்டு, ஐம்பத்தாறு, நாற்பத்தைந்து, ஐம்பத்தேழு, அறுபத்திரண்டு. செரி. பதினேழாம் வரி, அதுதான் செலின். ஐம்பத்தொன்று, நாற்பத்தெட்டு, ஐம்பத்தாறு, நாற்பத்தைந்து, ஐம்பத்தேழு, அறுபத்திரண்டு.

"மறுபடி."

நான் மறுபடி வாசித்தேன். இதை நீங்கள் சரியாக விளங்கிக்கொள்ள வேண்டும். திடுக்கிடவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை, யார் என்று கேட்கவில்லை. மறுபடி என்று காதில் விழுந்தால் வாய் மறுபடி வாசிக்கும். அத்தனை ஆண்டுப் பழக்கம். ஆறு எண்களையும் இரண்டாம் முறை நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

"மறுபடி."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தப் பதினாறு வரியிலும் ஒவ்வொன்றுக்குப் பின்னும் எனக்கு 'செரி' என்ற பதில் வந்துகொண்டிருந்திருக்கிறது. நான் வாசித்ததும் நிறுத்தியதும் அடுத்த வரிக்குப் போனதும் அந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டுத்தான். மேசைக்கு எதிர்ப்பக்கம், இரண்டு முழத் தொலைவில், நாற்காலி இருந்திருக்க வேண்டிய இடத்திலிருந்து. நாற்காலி அங்கே இல்லை. அங்கே தரைதான் இருந்தது, அதன்மேல் சன்னலின் மங்கிய வெளிச்சம்.

கடற்கரை இழுப்புள்ள அந்தக் குரல் யாருடையது என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஓடியிருக்க வேண்டும் என்பீர்கள். எனக்கு ஓடத் தோன்றவில்லை. அச்சத்தைவிட முதலில் வந்தது வெட்கம். பிழையுள்ள வரியை ஒப்பிடும் துணை சுட்டிக்காட்டியும் காணாமல் மூன்றாம் முறை வாசிக்கப் போகிறேனே என்ற வெட்கம். குனிந்து பார்த்தேன். பதினாறும் பதினேழும் ஒன்றே. அடுத்தடுத்த இரண்டு மாணவருக்கு ஆறு தாளிலும் அச்சுப் பிசகாமல் ஒரே மதிப்பெண் வராது. எழுதிய உதவியாளரின் கண் ஒரு வரி நழுவி, மேல்வரியையே இரண்டாம் முறையும் எழுதியிருக்கிறது. சுனில் ஒரு வரியை மட்டும் படமெடுத்து வந்ததால் மேல்வரி எனக்குத் தெரியவில்லை. சரி, ஒப்பிட்டவர்கள் எப்படி விட்டார்கள்? பக்கத்தின் அடியைப் பார்த்தேன். ஒப்பிட்டவர் கட்டம் காலியாக இருந்தது. வாசித்தவர் கட்டத்தில் இருந்த சுருக்கொப்பம் என்னுடையது.

பதினாறு ஆண்டுக்கு முந்திய அந்தப் பிற்பகல் அப்படியே வந்து நின்றது. இதே அறை, இதே மேசை. பாதிப் பக்கத்தில் லில்லி அக்கா இடத்தோளைப் பிடித்துக்கொண்டார். வாயுவாக இருக்கும், சோடா குடித்தால் போய்விடும் என்றார். முகம் வேர்த்திருந்தது. கூட வரட்டுமா என்று கேட்டேன்.

"நீ எங்க வருக? பஸ்ல ஏறினா தேங்காப்பட்டணத்துல வீட்டு நடைல எறங்கப்போறேன். ஏட்டி நசீமா, மீதிய நாளைக்கிப் பாப்போம். நீ தனியா வாசிக்காண்டாம், கேட்டியா? ஸ்கேலு அங்ஙனயே இருக்கட்டு, வரி தப்பாது. நான் வந்து பாத்துக்கிடுகேன்."

அவர் போனார். அந்தப் பதிவேடு மறுநாள் காலை பைண்டிங்குக்குப் போக வேண்டியிருந்தது; ஒரு பக்கத்துக்காக நிறுத்திவைத்தால் ஏச்சு விழும். ஆகவே நான் தனியே வாசித்தேன். மூலப் பட்டியலைப் பார்க்கக்கூட இல்லை; பதிவேட்டை வாசித்து, நானே சரி என்று சொல்லிக்கொண்டு, முப்பதாம் வரிவரை போய், என் கட்டத்தில் சுருக்கொப்பமிட்டு, அவருடைய கட்டத்தை நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டு, பட்டியல்களை அப்படியே அள்ளிக் கட்டி அடுக்கில் வைத்துவிட்டு, ஐந்தே முக்கால் பேருந்தைப் பிடித்தேன். அன்று இரவு லில்லி அக்கா இறந்துபோனார். அடக்கத்துக்குப் போய்வந்தோம், அழுதோம், எனக்கு வேறு துணை தந்தார்கள். காலியான கட்டம் யாருக்கும் நினைவில்லை. எனக்கும்.

எவ்வளவு நேரம் அந்தக் கட்டத்தின்மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றேன் என்று தெரியவில்லை. அதன்பின் நான் ஒரு சொல்லும் வாசிக்கவில்லை. எனக்கு ஒரு சொல்லும் கேட்கவும் இல்லை. மழைதான். சுனில் விளக்கோடு வந்து கதவருகே நின்று, அடுக்குகளின் பக்கம் எட்டிப்பார்த்துவிட்டு, "முடிஞ்சுதா மேடம்?" என்று கேட்டார். முடியவில்லை, இப்போதுதான் தொடங்குகிறது என்றேன்.

ஏனென்றால் இதற்குள் எனக்கு வேறொன்று விளங்கியிருந்தது. ஒரு கட்டம் காலியாக இருந்தால் கட்டு அழிப்புக்குப் போகாது. அப்படியென்றால் மூலப் பட்டியல் இன்னும் இங்கேதான் இருக்க வேண்டும்.

ஒரு மணிநேரம் தேடினோம். கடைசி அடுக்கின் உச்சியில், 'நிலுவை' என்று யாரோ எழுதி ஒட்டிய சீட்டோடு, கறையான் தொடாமல் இருந்தது. சுனில் ஏணியில் ஏறி எடுத்துத் தந்தார். முடிச்சு நான் போட்ட முடிச்சு. என் முடிச்சை எனக்குத் தெரியும். அவிழ்த்தோம். தாள்களுக்கு நடுவே புடைப்பாக ஏதோ இருந்தது. விரித்ததும், முனையில் சிவப்புப் பொட்டு வைத்த அடிக்கோல். அது கிடந்தது பதினேழாம் வரியின் கீழ்.

"இதாரு ஸ்கேல உள்ள வச்சுக் கெட்டினது?" என்றார் சுனில்.

நான்தான். பார்க்காமல் அள்ளிக் கட்டியவள் நான்தான். அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. நிறுத்திய இடத்தில் அவர் வைத்துவிட்டுப் போனார், அது அங்கேயே இருந்தது, அவ்வளவே. இதை நான் தெளிவாகச் சொல்கிறேன். விளக்கம் உள்ளதையும் இல்லாததையும் ஒரே மூட்டையில் கட்டுபவள் அல்லள் நான். அடிக்கோலுக்கு மேலிருந்த வரியை உரக்க வாசித்தேன். அறுபத்தெட்டு, எழுபத்தொன்று, அறுபத்தாறு, அறுபத்து மூன்று, எழுபத்து நான்கு, ஐம்பத்தெட்டு. சுனில் செலினுடைய சான்றிதழ் நகலை விளக்கின்கீழ் பிடித்து ஒவ்வொன்றாகத் தொட்டு, கடைசி எண்ணில் விரலை வைத்து, "பாவம் அந்தச் சேச்சி" என்றார்.

அன்று மாலையே குறிப்பு எழுதினேன். பிழை எவ்வாறு நேர்ந்தது என்ற இடத்தில் 'எழுத்தர் பிழை' என்று போட்டால் போதும் என்று சுனில் சொன்னார். எழுதிய உதவியாளர் ஓய்வுபெற்று எங்கோ இருக்கிறார், யாருக்கும் நட்டமில்லை. துணைப் பதிவாளர் பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் முதலாவதாக இருந்த நேரம் அது. சுனில் என் நன்மைக்காகத்தான் சொன்னார். நான், 'பதினேழு முதல் முப்பதுவரையான வரிகளைத் துணையின்றித் தனியே வாசித்துச் சுருக்கொப்பமிட்டவள் கீழே கையொப்பமிடும் நான்' என்று எழுதினேன். அதைவிடச் சுருக்கமான வாக்கியம் எனக்கு அகப்படவில்லை. திங்கட்கிழமை காலை தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் படித்தார், என்னை நிமிர்ந்து பார்த்தார், திருத்தப் பதிலில் கையொப்பமிட்டார். பதினொரு மணிக்கு அது மின்னஞ்சலில் போயிற்று. ஒரு மணிக்குப் பள்ளியிலிருந்து பெற்றுக்கொண்டதாகவும், செலின் வேலைக்குத் திரும்பலாம் என்றும் வந்தது. எனக்குப் பின்னர் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தது. பதவி உயர்வு தள்ளிப்போனது. வருத்தமில்லை என்றால் பொய்.

அச்சிட்ட நகலைக் கையில் கொடுத்தபோது செலின் அதை இரண்டு முறை படித்தாள். பிறகு மடித்து, நெகிழிப் பைக்குள் சான்றிதழ்களோடு வைத்தாள். 

"யாரு மேடம் கண்டுபிடிச்சது?" என்று கேட்டாள்.

"லில்லி புஷ்பம்னு ஒருத்தங்க."

"அவியளப் பாத்து ஒரு வார்த்த சொல்லிட்டுப் போவட்டா?"

"இன்னிக்கு அவங்க லீவு" என்றேன். என் வாழ்நாளில் அலுவலக நேரத்தில் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். அதுவும் பொய்தானா என்பது எனக்கு இன்னும் முடிவாகவில்லை.

இதுவரை உள்ளதை நீங்கள் விளக்கிவிடலாம், நானே விளக்கியிருக்கிறேன். அந்தப் பக்கம் என்னுடையது என்பதை என் கண், எனக்குத் தெரியாமலே, கண்டுகொண்டிருக்கும். செரி என்ற சொல் பல்லாண்டுப் பழக்கத்தால் எனக்குள்ளிருந்தே வந்திருக்கும். இரண்டு வரி ஒன்றாக இருப்பதை உணர்ந்த மூளை, தனக்குப் பழகிய குரலில் மறுபடி என்று எச்சரித்திருக்கும். நல்ல விளக்கம். நான்கு மாதம் அதை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தேன்.

மாசியில் பழைய பதிவேடுகளைக் கணினியில் ஏற்றும் பணி தொடங்கியது. அத்தனையையும் மறுபடி ஒப்பிட வேண்டும், ஆளில்லை என்று தேநீர் நேரத்தில் நான் குறைபட்டுக்கொண்டிருந்தேன்.

சுனில் சிரித்தபடி, "அன்னிக்கு மழைல உங்ககூட ஒத்துப்பாத்தாவளே ஒரு அக்கா, அவியள வரச்சொல்லுங்க மேடம். ரெண்டுபேரும் உக்காந்தா ஒரு மாசத்துல முடிச்சிருவிய" என்றார்.

எந்த அக்கா என்று கேட்டேன்.

"பதிவறையில. நான் லைட்ட எடுத்துட்டு வரும்போ உள்ள ரெண்டுபேரு சத்தம். நீங்க வாசிக்கிய, அவிய செரி செரிங்காவ. எடையில நொழஞ்சா ஏசுவியளேன்னு வராந்தாவுலயே நின்னேன். பொறவு அவிய திருப்புன்னு சொன்னாவ, சத்தம் நின்னுது, அதான் உள்ள வந்தேன். பாத்தா நீங்க மட்டும் நிக்கிய. பக்கத்துப் பிரிவுக்காரி யாரோ, நான் பாக்காம எறங்கிப் போயிட்டாவன்னு நெனச்சேன்."

கோப்பையைக் கீழே வைத்தேன். சுனில் பணிக்கு வந்தது லில்லி அக்கா இறந்து பல ஆண்டு கழித்து. அந்தக் குரலை அவர் கேட்டதே இல்லை. அந்த அறைக்கு ஒரே கதவு. அதன் வெளியே நின்றவர் அவர். இவையெல்லாம் பிறகுதான் தோன்றின. முதலில் தோன்றியதையே கேட்டேன்.

"எத்தனை வரி கேட்டீங்க?"

"எண்ணவா செய்தேன்? நான் வந்தப்போ பதினெட்டுன்னு சொல்லி ஆரம்பிச்சிய. முப்பதுவரைக்கும் நின்னு கேட்டேன். நல்லா கணீர்னு வாசிச்சிய மேடம். இப்போ உள்ள கொரலு மாதிரியே இல்ல, சின்னப் பிள்ள வாசிக்க மாதிரி இருந்துது."

அந்த மழைநாளில் நான் பதினேழாம் வரியோடு நிறுத்திவிட்டேன்.